செங்கல் சுவரில் மரக்கால் பூட்ட கெமிக்கல் ஆங்கர்: மட்டக்களப்பு வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் சரிவருமா?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம். சூளைச் செங்கல்லால் கட்டிய சுவரில் மரக்கால் ஒன்றைப் பூட்டி அதில் கேற் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால், ஹாட்வெயார் கடையில் முதலில் எடுத்து நீட்டும், துளைக்குள் அகன்று பிடிக்கும் சிலீவ் போல்ட்டை வாங்காதீர்கள். கூடக் காசு போனாலும் பரவாயில்லை, துளைக்குள் விட்டால் இறுகிப் பிடிக்கும் பசையான கெமிக்கல் ஆங்கர் டியூப் ஒன்றும், முழு நீளமும் புரி வெட்டிய கம்பியான ஸ்டெயின்லெஸ் திரெட் பார் ஒரு மீற்றரும் வாங்குங்கள். பத்துக்கு எட்டு கொடுப்பேன். அந்த இரண்டு புள்ளியை ஏன் குறைத்தேன் என்பதும் கீழே இருக்கிறது.

வீடு கல்லடிப் பக்கம். கடல் கிட்ட என்பதால் இரும்பு எதை வைத்தாலும் கறள் பிடித்துக் கொட்டும் இடம். வீட்டுச் சுவருக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான வழி, கிணற்றடிக்குப் போகிற பாதை, அதை அடைத்து மரக் கேற் ஒன்று போட வேண்டியிருந்தது. மதில் பக்கம் சீமெந்துக் கல், அது வேறு கதை. வீட்டுப் பக்கம் பழைய ஒன்பது இஞ்சிச் செங்கல் சுவர், மேலே கனத்த பூச்சு. கால் என்று எடுத்தது பழைய வீட்டு நிலையில் இருந்து கழற்றி வைத்திருந்த முதிரை, நாலுக்கு நாலு, ஆறடி. இந்த மரம் இப்போது காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது, அதனால் அதைப் பிளந்துவிடாமல் பூட்ட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் கவலை. காலைச் சீவித் தந்த ஓடாவியார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மனே, இது பழைய கல்லு. முறுக்கினா உதிரும். பாத்துச் செய்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

சிலீவ் போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் அவர் சொன்னதன் காரணம் விளங்கும். துளைக்குள் போன பிறகு சுரையை, அதாவது நட்டை, முறுக்க முறுக்க, உள்ளே இருக்கும் கூம்பு பின்னால் இழுபட்டு, அதைச் சுற்றியுள்ள தகட்டுக் குழாயை அகட்டுகிறது. அந்த அகலிப்பில் வரும் நெருக்குதல்தான் பிடிமானமே. கொங்கிறீற்றுக்குள் இது அருமையான வேலை, ஏனென்றால் கொங்கிறீற் திருப்பி நெருக்கும். கையால் அறுத்துச் சூளையில் வேகவைத்த செங்கல்லில் அந்த உறுதி கல்லுக்குக் கல் மாறும். சூளை நடுவில் நன்றாக வெந்த கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கும், ஓரத்தில் இருந்த கல்லை ஆணியால் சுரண்டினாலே தூள் வரும். இரண்டும் ஒரே சுவரில்தான் இருக்கும், பூச்சுக்குப் பின்னால் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. மெதுவான கல்லுக்குள் இந்த போல்ட்டை முறுக்கினால், விறகில் ஆப்பு அடித்தது போல, கல் இரண்டாகிறது. சத்தம்கூடக் கேட்காது. சுரை இறுகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் சும்மா சுற்றும், அவ்வளவுதான்.

அக்கரைப்பற்றில் மச்சான் வீட்டில் நடந்ததும் இதேதான். கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்து அரை இஞ்சி சிலீவ் போல்ட்டாகவே அடித்து, பார்ப்பதற்குப் பயங்கரப் பலமாக வைத்துவிட்டுப் போனார். மாரி மழை முடிவதற்குள் மேல் போல்ட் இரண்டும் கல்லோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டன. போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கையில் எடுத்துப் பார்த்தால் புதுசு. உடைந்தது கல். போல்ட்டைப் பெரிதாக்கினால் பிடி கூடும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: செங்கல்லில் பெரிய போல்ட் என்றால் பெரிய துளை, பெரிய அகலிப்பு, கல்லுக்குக் கூடுதல் ஆபத்து.

அடுத்தது நைலோன் பிளக், அதாவது நாங்கள் எல்லாரும் றோல் பிளக் என்று சொல்வது. சும்மா நக்கலடிக்க முடியாத சாமான் இது. ரோலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் 1910களில் கண்டுபிடித்தபோது அதைச் சணல் நாரையும் மிருக இரத்தத்தையும் சேர்த்துச் செய்தார்களாம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைப் பாழாக்காமல் மின்சார வேலை செய்யத்தான் முதலில் தேவைப்பட்டது. இப்போது நாம் பாவிக்கும் நைலோன் வகையை 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் பிஷர் கொண்டுவந்தார். இதில் நீண்ட வகை ஒன்று உண்டு, மரத்தையும் துளைத்து அப்படியே சுவருக்குள்ளும் போகும், கதவு நிலை யன்னல் நிலை பூட்ட அதுதான் கெட்டிக்காரன். இது மெதுவாக அகலும், கல்லை வெடிக்க வைப்பது குறைவு. துணி காயப்போடும் கம்பிக்கு ஒரு கால், கொடி படரவிட ஒரு பந்தல் கால், படிக்கட்டுக் கைபிடியின் ஓரக்கால் என்றால் இதிலேயே நின்றுவிடலாம், கெமிக்கலுக்குப் போகத் தேவையில்லை. கேற் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் கேற்றுக்கு மட்டும் இந்தப் பாடு? பாரம் கீழே இழுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் போல்ட்டைக் கொல்வது கீழ் இழுப்பு இல்லை. ஒரு மீற்றர் அகலம், முப்பது கிலோ எடையுள்ள கேற்றை எடுங்கள். அதன் பாரம் நடுவில், அதாவது பிணைச்சலில் இருந்து அரை மீற்றர் தள்ளி நிற்கிறது. மேல் பிணைச்சலுக்கும் கீழ்ப் பிணைச்சலுக்கும் இடையில் முக்கால் மீற்றர் என்றால், முப்பதை அரையால் பெருக்கி முக்காலால் வகுக்க, மேல் பிணைச்சல் காலைச் சுவரில் இருந்து வெளியே இழுக்கும் விசை இருபது கிலோ வருகிறது. கீழ்ப் பிணைச்சல் அதே இருபது கிலோவால் காலைச் சுவரோடு தள்ளுகிறது, அது நல்லதுதான். இருபது கிலோ பெரிய விசயமா என்று கேட்கலாம். இருபத்தைந்து கிலோப் பிள்ளை ஒன்று கேற்றின் நுனியில் ஏறி ஊஞ்சல் ஆடினால் அதற்கு மேல் இன்னும் முப்பத்துமூன்று கிலோ சேரும். ஆடாத பிள்ளை எங்கே இருக்கிறது? அதோடு காற்றில் படார் என்று அடிபடும் அதிர்ச்சி தனிக் கணக்கு. கேற் மூடியிருக்கும்போது இந்த இழுப்பு நேராக வெளியே, திறந்து சுவரோடு சாயும்போது பக்கவாட்டில், ஒவ்வொரு முறையும் திசை மாறி மாறிப் போல்ட்டைத் தளர்த்துகிறது. அதனால் நான் சொல்வது, நாலு போல்ட் போடுகிறீர்கள் என்றால் சம இடைவெளியில் போடாதீர்கள், இரண்டை மேல் பிணைச்சலின் மேலும் கீழுமாகப் போடுங்கள், மற்ற இரண்டும் எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, சாமானுக்கு வருவோம். கெமிக்கல் ஆங்கர் என்பது ஒரே டியூபுக்குள் இரண்டு பசை, பிசின் ஒரு பக்கம், அதைக் கெட்டியாக்கும் மருந்து மறுபக்கம். முனையில் பூட்டும் நீளக் குழலுக்குள் சுருள் சுருளாக ஒரு பிளாஸ்ரிக் இருக்கும், அதைத் தாண்டி வரும்போதுதான் இரண்டும் கலக்கும். துளைக்குள் விட்டு, திரெட் பாரைத் திருகிக்கொண்டே செருகிவிட்டால், அது கெட்டியாகிக் கல்லின் நுண்ணிய துவாரங்களிலும் கம்பியின் புரியிலும் ஒட்டிப் பிடிக்கிறது. அகலிப்பே கிடையாது, கல்லை யாரும் நெருக்கவில்லை. மெதுவான கல்லுக்கு இது தோதாக வருவது இதனால்தான்.

ஆனால் சுத்தம் செய்யாத துளையில் இந்த டியூப்பைப் பீச்சுவது காசைக் கிணற்றில் போடுவதற்குச் சமம். செங்கல் தூள் துளைச் சுவரில் படிந்திருந்தால் பசை தூளில்தான் ஒட்டும், கல்லில் ஒட்டாது. ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி, திரும்பவும் தேய்த்து, தூள் வருவது நிற்கும் வரைக்கும் செய்ய வேண்டும். வாயால் ஊதாதீர்கள், கண்ணுக்குள் போகும், எச்சிலும் போகும். சைக்கிள் பம்பின் வாயில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகினால் போதும். துளை அளவும் முக்கியம். பத்து மில்லிமீற்றர் திரெட் பாருக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் துளை, செங்கல்லுக்குள் எண்பது தொண்ணூறு மில்லிமீற்றர் ஆழம். செங்கல்லுக்குள் என்று அழுத்திச் சொல்கிறேன், பூச்சைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பழைய வீடுகளில் பூச்சே முக்கால் இஞ்சி இருக்கும், அதற்குப் பிடிமானம் பூச்சியம். ட்ரில் அலகில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் ஆழம் தவறாது. துளைப்பதும் சாந்து வரியில் இல்லை, கல்லின் நடுவில். கல்லில் படும்போது ட்ரில்லின் ஹமர் அடியைக் குறைத்து ஓட்டினால் பின்பக்கம் கல் பெயராது.

மரக்காலில் வேறு ஒரு சின்ன வேலை. போல்ட் வரும் இடங்களை ஒரே நேர்கோட்டில் வைக்காமல் இடம் வலமாகக் கொஞ்சம் மாற்றி வைத்தால் மரம் நரம்போடு பிளக்காது. முன்பக்கம் ஒன்றேகால் இஞ்சி அகலத்துக்கு ஒரு இஞ்சி ஆழம் குடைந்துவிட்டால் பெரிய வாஷரும் சுரையும் உள்ளே மறையும், பிறகு வட்டக் கட்டை ஒன்றைச் செருகி மூடிவிடலாம். திரெட் பார் மீற்றர்க் கணக்கில்தான் வரும், எட்டு இஞ்சித் துண்டுகளாக வெட்டினால் ஒரு காலுக்குப் போதும், மிச்சமும் வரும். வெட்டுவதற்கு முன் ஒரு சுரையைப் போட்டுவைத்து, வெட்டியபின் அதைக் கழற்றினால் நசிந்த புரி தானாகவே சரியாகும். உள்ளே போகும் நுனியைச் சரிவாக வெட்டினால் பசைக்குள் சுகமாகத் திருகிப் போகும்.

காலைச் சுவரில் நேராகப் பிடித்து, தூக்குக்குண்டு போட்டுப் பார்த்து, அதன் துளைகள் வழியாகவே சுவரில் அடையாளம் எடுத்துவிட்டுக் காலை எடுத்து வைத்துவிடுங்கள். டியூப்பில் முதலில் வரும் பசையைத் துளைக்குள் விடவேண்டாம், நிறம் ஒரே சீராக வரும்வரை கடதாசியில் விட்டுவிடுங்கள், அதுவரை கலவை சரியில்லை. துளையின் அடியில் இருந்து தொடங்கி, குழலைப் பின்னால் எடுத்துக்கொண்டே மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதும், கம்பி போகும்போது விளிம்பில் கொஞ்சம் பிதுங்கி வரும், வந்தால் சரியாக நிரம்பியிருக்கிறது. பிறகு தொடக்கூடாது. நேரம் பார்க்கிறேன் என்று ஆட்டிப் பார்க்கவும் கூடாது.

இந்த நேர விசயம்தான் எங்கள் ஊரில் வில்லங்கம். நான் வாங்கிய டியூப்பில் அச்சடித்த அட்டவணைப்படி, முப்பது பாகையில் கையாளக் கிடைப்பது நாலு நிமிசம், அதற்குள் கம்பி உள்ளே போயிருக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் பார்ப்பீர்கள், ஒருவர் ஆறுதலாகப் பேசிக்கொண்டே எல்லாத் துளைக்கும் விட்டுவிட்டுக் கம்பியைத் தேடுவார். அது குளிர் நாடு. மட்டக்களப்பில் மத்தியானத்தில் வெயில் பட்ட சுவரைத் தொட்டுப் பாருங்கள், முப்பது எங்கே. விடியற்காலையில் செய்யுங்கள், டியூப்பை முதல் நாள் இரவே வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், ஒரு துளை ஒரு கம்பி என்று போங்கள். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் டியூப்பை விட்டுவிட்டுப் போவது வேலையைப் பாதி கெடுத்துவிட்டு ஆரம்பிப்பதுதான்.

கம்பிக்கு ஏன் ஸ்டெயின்லெஸ் என்றால், சாதாரண நாகப்பூச்சுப் போட்ட கம்பி கடற்கரைப் பக்கம் வெளியில் நிலைக்காது. கறள் பிடிக்கும் இரும்பு பருமன் கூடும், சுவருக்குள் பருமன் கூடினால் கல்லை அது நெருக்கத் தொடங்கும், அப்போது அகலிப்பு இல்லாத சாமானைத் தேடி வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். 304, 316 என்று இரண்டு தரம் உண்டு, 316 உப்புக்கு நன்றாகத் தாங்கும், 304 கிடைத்தாலும் வெறும் இரும்பை விட எவ்வளவோ மேல். சுரை, வாஷர் எல்லாம் அதே தரத்தில் இருக்க வேண்டும், கம்பி மட்டும் ஸ்டெயின்லெஸ் ஆகிச் சுரை இரும்பாக இருந்தால் அந்தச் சுரைதான் முதலில் போகும். செங்கலடி, கிரான் என்று கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறவர்கள் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். கல்லடி, நாவலடி, காத்தான்குடிக் கடற்கரை, திருக்கோவில் என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மரத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மரம் காய்ந்து சுருங்கும், கார்த்திகை மார்கழி மாரியில் திரும்ப ஊதும். நான் பங்குனியில் இறுக்கிய சுரைகள் கச்சான் முடிய லேசாகத் தளர்ந்துதான் இருந்தன, கம்பி அசையவில்லை, மரம்தான் மெலிந்திருந்தது. அரைச்சுற்று இறுக்கிவிட்டேன். மூடிய கட்டையை ஒட்டாமல் சும்மா செருகி வைப்பது அதற்காகத்தான். இறுக்கும்போது நீளக் கைபிடி ஸ்பனர் வேண்டாம், குட்டி ஸ்பனரால் கை வலுவுக்கு இறுக்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் மரத்துக்குள் புதையும், பிடி கூடாது. காலுக்கும் சுவருக்கும் இடையில் ஒவ்வொரு கம்பியிலும் சின்ன பிளாஸ்ரிக் தகடு வைத்துக் காற்றுப் போக விட்டிருக்கிறேன், மழைத்தண்ணி நின்று உக்காது. காலின் அடியை நிலத்தில் புதைக்கவில்லை, கருங்கல்லின் மேல் நிற்கிறது. கறையான் கட்டாயம் ஏறிப் பார்க்கும், ஏறினால் கல்லில் மண்வரி தெரியும், தட்டிவிடலாம்.

மேசன்மாரிடம் கேட்டால் அவர்கள் இதை ஒரு விளையாட்டு என்றுதான் பார்க்கிறார்கள். அவர்கள் முறை ஹோல்ட்பாஸ்ட்: கால் பக்கத்தில் இரும்புப் பட்டையை அடித்து, சுவரைக் குடைந்து, பட்டையின் வாலை உள்ளே விட்டுச் சல்லி கலந்து அடைப்பது. புதுச் சுவர் கட்டும்போது இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை, தயங்காமல் அதையே செய்யுங்கள். பழைய சுவரில் குடைவதுதான் பிரச்சினை, ஒரு கல்லை எடுக்கப்போய்ப் பக்கத்துக் கல் இரண்டும் ஆடும், பூச்சு சாண் அகலத்துக்குப் பெயரும், பிறகு பூசிப் பெயின்ற் அடித்து, அந்தச் செலவையும் சேர்த்தால் டியூப் மலிவாகவே வரும்.

இனி குறைகள். விலை முதலாவது. ஒரு டியூப் காசுக்கு சிலீவ் போல்ட் கைநிறைய வாங்கலாம், அதோடு சின்ன வேலைக்கு டியூப்பில் பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சியதைப் பிறகு பாவிக்கலாம், ஆனால் முனைக் குழலுக்குள் இருப்பது கல்லாகிவிடும், புதுக் குழல் வேண்டும், உதிரிக் குழல் எல்லாக் கடையிலும் கிடையாது. ஆகவே வாங்கும்போதே இரண்டு குழல் கேளுங்கள். இரண்டாவது நாற்றம். ஸ்டைரீன் என்ற இரசாயனம் உள்ள வகை மூக்கைப் பிய்க்கும், வெளி வேலைக்குப் பரவாயில்லை, அறைக்குள் செய்வதென்றால் ஸ்டைரீன் இல்லாத வகையைக் கேட்டு எடுங்கள், கையுறை எதற்கும் போடுங்கள். மூன்றாவது, திரும்ப வழி கிடையாது. கம்பி கோணலாக நின்று இறுகிவிட்டால் பிடுங்க முடியாது, அரிந்துவிட்டுப் பக்கத்தில் வேறு துளைதான்.

நாலாவது சாமானின் குறை இல்லை, கடையின் குறை. டவுனில் ஒரு கடையில் அலுமாரி மேல்தட்டில், தகரக் கூரைக்கு நேர் கீழே அடுக்கியிருந்தார்கள், எடுத்துப் பார்த்தால் திகதி எப்போதோ முடிந்தது. "அது ஒண்டும் செய்யாது தம்பி, நல்லாத்தான் இருக்கும்" என்று கடைக்காரர் வேறு சொன்னார். இந்தப் பசை பழையதாகிவிட்டால் இறுகாது, இறுகியதாகத் தெரிந்தாலும் பிடி இருக்காது. பாலுக்கும் பாணுக்கும் பார்க்கிற மாதிரி இதற்கும் திகதி பாருங்கள். அங்கே வாங்காமல் வேறு கடையில் வாங்கினேன், அங்கிருந்த பையன் டியூப்பைத் தந்துவிட்டு, "அண்ணன், உங்களிட்ட இருக்கிற சிலிக்கோன் கன்னுக்கு இது போகும், பெரிய டியூப் எடுத்தா கன் தனியா வாங்கோணும்" என்று கேட்காமலே சொன்னான். சின்ன டியூப்பே போதும், கன் காசு மிச்சம்.

கடைசியாக மதில் பக்கம். சீமெந்துக் கல்லில் உள்ளே பொந்து இருந்தால் பசை பொந்துக்குள் விழுந்துவிடும், அதற்கென்று வலைக் குழாய் தனியாக விற்கிறார்கள், அதைச் செருகிவிட்டு அதற்குள் பசை விட வேண்டும். மதிலின் மேல் மூன்று வரிக்குள்ளும் மதில் முடியும் ஓரத்தில் ஒன்பது இஞ்சிக்குள்ளும் எதையும் பூட்டாதீர்கள், அந்தக் கற்களை அமத்திப் பிடிக்க மேலே பாரம் இல்லை, கம்பி விடாது, கல்லே கழன்று வரும். நாலரை இஞ்சிச் சுவர் என்றால் தொண்ணூறு மில்லிமீற்றர் போகும்போது மறுபக்கம் பெயரப் பார்க்கும், அங்கே பசையை விட்டுவிட்டுச் சுவரை முழுக்கத் துளைத்து, பின்னால் தகடு வைத்து நேரடியாக போல்ட் இறுக்குவது புத்தி. வாகனம் போகிற பத்தடி இரும்புக் கேற்றை இப்படிச் சுவரில் தொங்கவிடலாமா என்று கேட்டு ஏற்கனவே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மூன்று மீற்றர், நூறு கிலோ, பிணைச்சல் இடைவெளி ஒரு மீற்றர் என்று மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள், நூற்றைம்பது கிலோ வரும். அதற்குக் கம்பி வைத்த கொங்கிறீற் தூண்தான், எந்த டியூப்பும் இல்லை.